முரசில் கசிந்த இரத்தம்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தபோது, ஒரு நாள் காலையில் என் மனைவி அருகில் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவள் வாயிலிருந்து வந்த வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கதைக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்வாள். நான் கவனித்தேன், ஏனென்று கேட்கவில்லை.

பதின்மூன்று வருடமாக அவளுக்கு நீரிழிவு. மாத்திரை தவறவிட்டதில்லை, தேநீருக்குச் சீனி போட்டதில்லை. ஆனாலும் அந்தக் காலைக்கு இரண்டு வருடம் கழித்து இரத்தத்தில் சீனி இறங்கவேயில்லை. கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் பெண்மணி, "வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றார். பார்த்தவுடனேயே வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

பல் டொக்டர் கருவியை மெல்ல வைத்ததுமே பல்லின் அடிச்சதையான முரசிலிருந்து இரத்தமும் சீழும் கசிந்தன.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "முரசில இருக்கிற அழற்சி வாயோட நிக்காது ஐயா. இரத்தத்தோட உடம்பெல்லாம் போகும். அது இருந்தா சீனி கட்டுப்படாது. சீனி கூடினா முரசு இன்னும் பழுதாகும். துப்புரவாக்கினா ரெண்டும் கொஞ்சம் குறையும். எல்லாம் சுகமாகும் எண்டு நான் சொல்லமாட்டன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அண்டைக்கு முகத்தைத் திருப்பினனீங்கள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"



நான்கு தடவை போனோம். விறைப்பூசி போட்டு, முரசுக்கடியில் இறுகிக் கிடந்த படிவைச் சுரண்டி எடுத்தார். இரண்டு பல்லைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து இரத்தம் சோதித்தபோது அழற்சி குறைந்திருந்தது, சீனியும் சற்று இறங்கியிருந்தது. அன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காயை வாங்கிக் கடித்தாள். "நோகேல்லை" என்று சிரித்தாள்.

ஆனால் அதே சோதனையில் சிறுநீரகம் பழுதாகியிருப்பதும் தெரியவந்தது. ஒரு வருடம்கூட அவள் இருக்கவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு பல் டொக்டரிடம் போனேன். ரெண்டு வருஷம் முந்தி கூட்டிவந்திருந்தால் தப்பியிருப்பாளா என்று கேட்டேன்.

"அது பல வருஷத்துச் சேதம் ஐயா. முரசால மட்டும் வந்ததெண்டு சொல்லேலாது" என்றார்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ, எனக்கு இன்றும் தெரியாது.