ஆயிரவர் தலைவனும் பதினாயிரவர் தலைவனும்

8 அக்டோபர் 2005, சனிக்கிழமை. காலை 9.40க்கு, தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் டிராம் ஏறினேன். கட்டணம் ஒரு பவுண்டு இருபது பென்ஸ். திருச்சியிலிருந்து வரும்போதே லண்டனில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டிருந்தேன். பாரசீகப் படைத்தலைவர்கள் அதில் இல்லை.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் அன்ரன், இலங்கையின் மன்னார்க்காரர். கோயில் திருநாளுக்காகப் பாரசீக அரசன் ஒருவனின் கதையைக் கூத்தாகப் பழக்கிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பதினாயிரவர் தலைவன் வேடம். அவர் மனைவி புஷ்பத்தின் அண்ணன் ராயப்புவுக்கு ஆயிரவர் தலைவன் வேடம். "என்னைப் பத்திலொண்டு ஆக்கிப்போட்டான்" என்று கோபித்துப்போன ராயப்பு, இரண்டு வாரமாகத் தங்கை வீட்டுக்கு வரவில்லை.

"எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள் நீங்கள். ஆர் பெரிசெண்டு விசாரிச்சுக்கொண்டு வாங்கோ ஐயா" என்றார் புஷ்பம். கண் கலங்கியிருந்தது.

விம்பிள்டனில் ரயில், வாட்டர்லூவில் பேருந்து. 11.15க்கு அருங்காட்சியகம். கல்லில் செதுக்கிய பாரசீக ஈட்டிக்காரர்கள் முன்னே நின்ற வழிகாட்டி ஓர் ஈரானியப் பெண்மணி. பத்துப் பேருக்கு ஒரு தலைவன், பிறகு நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அவர் சொல்லச் சொல்ல ஏணிபோல் நான்கு படிகள் வரைந்தேன். பிறகு, ஆயிரவர் தலைவனான ஹஸாரபதியிடம் இருந்தது அரசனின் மெய்க்காவல் படை, அவனைத் தாண்டாமல் யாரும் அரசனை நெருங்க முடியாது என்றார். என் மூன்றாம் படி நான்காவதற்கு மேலே போய்விட்டது.

"அப்படியானால் யார் பெரியவர்?"

"அரண்மனையிலா, போர்க்களத்திலா?" என்று திருப்பிக் கேட்டார். ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டாம். ஏணியை இரண்டு முறை அடித்துவிட்டு வரைந்தேன்.

மாலை 4.50க்குத் திரும்பினால், ராயப்பு கூடத்தில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்ரன் தம் வேடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"என்ன ஐயா, பேர்சியாக்காரர் என்ன சொல்லினம்? ஆர் பெரிசு?" என்றார் ராயப்பு.

புஷ்பம் அகப்பையுடன் அப்படியே நின்றார்.

"பத்தாயிரம் ஆயிரத்தைவிடப் பெரிசுதானே" என்றேன்.

"கேட்டியே மச்சான்!" என்று அன்ரனைப் பார்த்துச் சொல்லிவிட்டு ராயப்பு இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டு வாங்கினார்.

10 அக்டோபர், திங்கட்கிழமை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அரண்மனையில் ஆயிரவர் தலைவனே பெரியவன் என்ற உண்மையைக் காரில் அன்ரனிடம் சொன்னேன். சிக்னல் பச்சையானதும் வண்டியை எடுத்தார். பிறகு, "ஓம், இருக்கட்டும். திருநாள் முடியுமட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

எங்கள் ஊர் அலுவலகத்தில் நாற்காலியின் உயரத்தைப் பார்த்தே ஒருவரின் பதவியைச் சொல்லிவிடுவேன். அன்ரனின் பதவியை எந்தப் படியில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.