எலுமிச்சம்பழம் போட்ட தட்டுகள்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளாது. என் கணவருக்கு உப்பளத்தில் வேலை நின்றுவிடும். காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் நிற்கும் உப்புப் பாத்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். டிவி போடுவார், அணைப்பார், மறுபடி போடுவார். எனக்கோ நாலு சுவருக்குள் மூச்சு முட்டும்.

என் அப்பா அரசாங்க வேலையில் இருந்தவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றும் நாள்தான் சின்ன வயதில் எனக்குப் பண்டிகை. கல்யாணமாகி மரக்காணம் வந்தபிறகு அந்தப் பண்டிகை நின்றுபோனது. உப்பளம் வைத்திருப்பவர் எங்கேயும் நகர முடியாது. வெயிலில் உப்பு விளையும், விட்டுப் போக முடியாது. மழையில் வரப்பு கரையும், அப்போதும் விட்டுப் போக முடியாது. மகள் வேலை கிடைத்து சென்னைக்குப் போனபோது, வழியனுப்பின எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது.

பழைய சாமான் விற்பனைகளுக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரும்பை என்ற ஊர்ப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகும்போது கேட்டில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு எல்லாவற்றையும் விற்பார்கள். முதல் தடவை ஒரு நல்ல அலமாரி இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் போனேன். அலமாரி போய்விட்டிருந்தது. மீன் படம் போட்ட எனாமல் தட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அடுத்த முறை மூங்கில் கிண்ணங்கள். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வண்ண டம்ளர்கள். எல்லாம் பிக்னிக் போகிறவர்கள் வைத்திருக்கும் சாமான்கள். நாங்கள் ஒரு பிக்னிக்கும் போனதில்லை.

"இன்னாத்துக்கு இதெல்லாம்? ஓட்டல் வெக்கப் போறியா?" என்பார் கணவர்.

"என்னிக்காவது வெளியில போய் உக்காந்து சாப்புடலாங்க."

"நான் தெனமும் வெளியிலதான் சாப்புடறேன். வெயில்ல, உப்புல. அது பிக்னிக்கா?"

தட்டுகள் பரணுக்குப் போயின.

போன மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறலோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரும்பைக்குப் போனேன். மரத்தடி வீடு ஒன்றில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் எல்லாம் விற்றுப்போய்விட்டன போல. பல வருஷமாக அங்கேயே இருந்தவர். ஊர்ப் பெண்களிடம் கற்றுக்கொண்ட தமிழ்.

"செருப்போடயே வாம்மா. வூடு காலியாயிடுச்சு" என்றார்.

உள்ளே மூலையில் அந்தப் பிரம்புக் கூடை இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்பக்கம் தோல் வார்களில் செருகி நான்கு மெலமைன் தட்டுகள். வெள்ளையில் மஞ்சள் எலுமிச்சம்பழம், சுற்றிலும் கரும்பச்சை இலை. கீழே அதே படம் போட்ட கோப்பைகள், மடித்து வைத்த துணி. ஒரு தட்டில்கூடக் கீறல் இல்லை. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன்.

"இதுல யாரும் சாப்புடவே இல்லையா?" என்று கேட்டேன்.

"வாங்கினது நான். என் வூட்டுக்காரருக்கு எறும்புன்னா பயம், மண்ணுன்னா பயம். அப்புறம் அவரும் போய்ச் சேந்துட்டாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்கேந்து வர்ற?"

"மரக்காணம்."

"அங்கயேவா இருக்கப் போற? கடைசி வரைக்கும்?"

"ஆமாங்க. நீங்க குடுத்து வெச்சவங்க. கெளம்பறீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குப் போவ இஷ்டமே இல்லம்மா. மக கூப்புடறா, உடம்பு முடியல, போறேன்" என்றார்.

நான் எதற்கு ஏங்கினேனோ அது அவருக்கு வேண்டாததாக இருந்தது. அவர் எதை விட முடியாமல் தவித்தாரோ அது எனக்கு வேண்டாததாக இருந்தது. பணத்தைக் கொடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய், "வாங்க, இதுல ஏதாவது சாப்புடுவோம்" என்றேன். அவரிடம் ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும்தான் இருந்தன. வராந்தாத் தரையில் துணியை விரித்துச் சாப்பிட்டோம். தட்டுக்கு வந்த எறும்பை அவர் விரலால் மெல்லத் தள்ளிவிட்டார். கிளம்பும்போது என் கையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் கூடை பரணுக்குப் போவதாக இல்லை. இரண்டு நாள் கூடத்திலேயே சுற்றி வந்தது, நானும் அதைச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் மழை விட்டது. கணவர் வழக்கம்போல உப்பளத்துக்குப் போன பிறகு, தயிர்சாதமும் வறுத்த நெத்திலியும் கூடையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

வரப்பில் என்னைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"யாருங்க இருக்காங்க இங்க? கொக்கு இருக்குது."

துணியை விரித்தேன். அவர் உட்காரவில்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டபடியே வெளிவரப்பின் மேல் நடந்து போனார். ஒரு பிக்னிக்கைக்கூட உட்காராமல் கெடுக்கிற மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் சத்தம் போட்டார்.

"ஏய்! சீக்கிரம் வா! கரை அறுக்குது!"

ஓடினேன். வாய்க்கால் பக்கத்து வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு மண் கரைந்து, கலங்கல் தண்ணீர் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டால் வாய்க்கால் சேறெல்லாம் பாத்தியில் படிந்துவிடும். அதை வாரி எடுப்பதற்குள் பாதிப் பருவம் போய்விடும். மண்வெட்டி ஷெட்டில். ஷெட் அந்தக் கோடியில். அவர் கையிலிருந்த சாதத்தை உதறிவிட்டு, அந்தத் தட்டாலேயே சேற்றை அள்ளி உடைப்பில் போட்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். உப்புக் குவியலை மூடிக் கழித்துப்போட்ட பழைய ஓலைகளை இழுத்து வந்து குறுக்கே அமுக்கினேன். அப்புறம் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன்.

"அள்ளு! அள்ளு! நிக்காத!"

நிற்கவில்லை. எத்தனையோ வருஷமாக உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் வேலை கண்டது. முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியது. ஒரு தட்டு கைநழுவி வாய்க்காலோடு போனது, எலுமிச்சம்பழம் மேலே தெரிய மிதந்து போனது. எட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை. தண்ணீர் மெல்ல இளைத்து, கசிவாகி, நின்றது.

இருவரும் வரப்பில் அப்படியே உட்கார்ந்தோம். அவர் உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன். மிச்சமிருந்த தயிர்சாதத்தை, கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு சாப்பிட்டோம். கொஞ்சம் உப்புக் கரித்தது. நெத்திலியை எங்கள் ரகளையில் கொக்கு ஒன்று முடித்துவிட்டிருந்தது.

"நல்ல தட்டும்மா" என்றார் அவர், சேறு வழியும் தட்டைத் திருப்பிப் பார்த்து. "மண்வெட்டிய விட நல்லா வாருது."

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பதறிப்போனார். "இன்னாச்சு? அடி பட்டுச்சா?"

"எங்கனா போவணுங்க" என்றேன். "இங்கயே இருந்து இருந்து எனக்குப் பைத்தியம் புடிக்குது."

அவர் பிரம்மதேசம் ஊர்ப் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் இன்னா? தெனமும் காலைல வண்டிய எடுக்கும்போது நேரா மெட்ராசுக்கு வுட்டுடலாம்னு இருக்குது. ரோடு பிரியற எடத்துல கை தானா இந்தப் பக்கம் திரும்பிடுது."

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த மழைக்கு வரப்பு தாங்கியது. தை பிறந்ததும் ஆட்கள் வந்து பாத்திகளை மிதித்துச் சீராக்கினார்கள், வெயில் ஏறியது, அவர் பழையபடி வெயிலில் மூழ்கிப் போனார். எங்காவது போக வேண்டும் என்ற என் அரிப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். இந்த மழைக்காலத்தின் முதல் விற்பனை அட்டை மாட்டியாயிற்று என்று கேள்விப்பட்டதும் கிளம்பினேன். ஸ்கூட்டியை வெளியே தள்ளும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

"எங்கங்க?"

"நீ போ. சொல்றேன்."

ரோடு பிரியும் இடத்தில், உப்பளப் பக்கம் திரும்பச் சொல்லி அவர் கை நீளவில்லை. வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.