அண்ணனுக்கு நான் கொடுத்த சிறுநீரகம்

எங்கள் அண்ணன் இராஜபாளையத்தில், ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா கைகால் வீங்கி, மூச்சு முட்டி இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தார். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் தட்டச்சு பயின்று, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எழுதத் தெரியாதவர்கள் வந்தால், மதியச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மனு அடித்துக் கொடுப்பார்.

முப்பத்திரண்டாம் வயதில் அவருக்கும் கால் வீங்கியது. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் குலை போல நீர்க்கட்டிகள்.

"இது பரம்பரையா வர்றது. உங்க அப்பாவுக்கும் இதான் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பார் என்ற நிலை. அம்மாவின் ரத்தமும், அண்ணன் மனைவியான மதினியின் ரத்தமும் சேரவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் ஸ்கேனில் ஒரு கட்டிகூட இல்லை. திசுப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரே சிரித்துவிட்டார். "கூடப் பொறந்தவங்கள்லயும் நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி முழுசாப் பொருந்தும். ரொம்ப வருஷம் தாங்கும்."

அண்ணன்தான் சம்மதிக்கவில்லை. "கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளைட்ட வாங்கியா நான் பொழைக்கணும்?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார்.

"எனக்கு ஒண்ணு போதும்ணே" என்றேன்.

சென்னையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. 'ஒத்தக் கிட்னிக்காரி' என்று எனக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அண்ணன் தம்முடன் வேலை பார்த்த ஒருவரிடம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லி, அவருக்கே என்னை மணமுடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடிவைத்தார். காலையில் கோர்ட்டுக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் சற்று உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொள்வார். "உன் கிட்னி உன்னைய மாதிரியேதான். சத்தமில்லாம வேலையப் பாக்குது" என்பார். பதினோரு ஆண்டுகள் அப்படிப் போயின.

அடுத்த ஆண்டு எனக்கு ஓயாத தலைவலி, ரத்தக் கொதிப்பு. ஸ்கேனில், மிச்சமிருந்த ஒரு சிறுநீரகத்தில் கட்டிகள். உடனே அண்ணனுக்கும் எடுத்தார்கள். நான் கொடுத்ததிலும் அதே கட்டிகள். "சின்ன வயசுல ஸ்கேன்ல தெரியாமப் போயிரும்மா. அன்னைக்கு யாரும் இத நெனச்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததை நானே கொண்டுபோய் அண்ணனின் உடம்பில் வைத்திருக்கிறேன்.

அண்ணன் தம் ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "இத எடுத்துத் திரும்ப இவளுக்கே வச்சிர முடியுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"முடியாதுங்க. அதுவும் கெட்டுக்கிட்டுத்தான் வருது."

பஸ் நிலையத்தில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஏட்டி, நான் வாங்காம இருந்தா உனக்கு ரெண்டு இருந்திருக்கும்."

"ரெண்டுலயும் கட்டிதானேண்ணே இருந்திருக்கும்?"

அதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. இன்னொருவரிடம் சிறுநீரகம் வாங்கவும் ஒப்பவில்லை. வாரம் இருமுறை மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். போய்வந்த களைப்பிலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உனக்கு இந்த மாசம் கிரியாட்டினின் எம்புட்டு?" சிறுநீரகம் கெடக் கெட ஏறும் அந்த ரத்த அளவை நான் குறைத்தே சொல்வேன். அவர் நம்பியதில்லை. சென்ற ஆண்டு இதே நாளில், நாற்பத்தைந்து வயதில், அம்மா பார்த்திருக்க அவர் மூச்சு நின்றது.

அவரை ஒரு நாளும் தனியாக விடாத மதினிக்கும், முறைபோட்டு அவருடன் மதுரைக்கு வந்து ரத்தமும் கொடுத்த நீதிமன்ற நண்பர்களுக்கும், என் கணவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எனக்கும் மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, போன வாரம் சித்தப்பா மகன் வந்து, "ஸ்கேன்ல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் தாரேன்" என்று நின்றான். தம்பி, நீயும் அப்பா வழிப் பிள்ளை. உனக்கு இருபத்துமூன்று வயதுதான் ஆகிறது. நீ கேட்டதே போதும். எனக்கு வேண்டாம்.