மாதுளைக்குப் போட்ட ரோடு

கல் உடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவரை எல்லோரும் 'பவுடர்' என்றுதான் கூப்பிட்டார்கள். புருவம், காது மடல், சட்டைப்பை என்று எங்கே தட்டினாலும் கருங்கல் தூள் பறக்கும். அந்தக் கோலத்தில் வீட்டுக்குள் காலை வைத்துவிட முடியாது. பின்வாசலில் மனைவி மறித்து நிற்பாள்.

"அங்கயே நில்லுங்க. மாதுளைகிட்ட உதறிட்டு வாங்க. வீட்டுக்குள்ள ஆலை நடத்தாதீங்க."

உதறுவார். மாதுளை வருஷா வருஷம் பூத்துக் குலுங்கும். தன் கைராசி என்று அவள் பீற்றிக்கொள்வாள்.

பவுடர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. சட்டை வெள்ளை வெளேரென்று ஆனது. மாதுளை வெளிறிப்போய், பூப்பதை நிறுத்தியது. மகள் பிரசவத்துக்குப் போன மனைவி எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. பிள்ளை உட்காரட்டும், தவழட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். 'எப்ப வர்ற?' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"மாதுளை பூத்ததும் சொல்லுங்க, ஓடி வந்துடறேன்" என்று ஒருநாள் போனில் சிரித்தாள். விளையாட்டுப் பேச்சுதான். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே ஆலை வாசலில் நின்றார்.

"என்னண்ணே, தூசி இல்லாம தூக்கம் வரலையா?" என்றார் மேஸ்திரி.

"எனக்கில்லப்பா, மாதுளைக்கு. பெல்ட்டுக்கு அடியில மாவாட்டம் கல்லுத்தூள் சேருமே, அதுல ஒரு மூட்டை குடு."

லாரிப் பாதையில் தூளைக் கொட்டி, நிரவி, தண்ணீர் தெளித்து, திமுசுக்கட்டையால் இடித்துப் பழகிய கை அது. செடியடியிலும் தன்பாட்டுக்கு அதே வேலையைச் செய்தது. பத்தே நாளில் தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலேயே குளமாக நின்றது. இலை கொட்டியது. வீடியோ காலில் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, செடிக்கு உரம் போடறேன்னு ரோடு போட்டு வச்சிருக்கீங்க! உங்க பேரன் அதுல நடவண்டி ஓட்டலாம். நீங்க சட்டைய உதறினப்ப மூட்டை மூட்டையாவா உதிர்ந்துச்சு? பேத்து எடுத்துட்டு, மக்குன சாணியோட ரெண்டு கைப்பிடி தூள் மட்டும் கலந்து போடுங்க."

வேரில் படாமல் கடப்பாரையால் பெயர்த்தெடுக்க ஒரு முழுப் பகல் பிடித்தது. அவள் சொன்னபடியே கலந்து போட்டார். அதன் பிறகு மாதம் தவறாமல் சாணியும் தூளும் கலந்து வைத்தார். இரண்டு மாதம் கழித்துச் செந்நிறத்தில் நாலைந்து கொழுந்து வந்தது. மொட்டு மட்டும் வரவில்லை.

"பூத்துச்சா?" என்றாள் அன்று சாயங்காலமும் வீடியோ காலில். அன்றைய தூள் படிந்த சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை.

பூத்துவிட்டது என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. வாய் வரவில்லை.

"இல்ல. கல்லுத்தூள் மெதுவாத்தான் வேலை செய்யுமாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம்னு நர்சரிக்காரர் சொல்றார்."

"சரி, பொறுமையா இருங்க."

"மாதுளை பொறுத்துக்கும். எனக்குத்தான் முடியல. வீடு வீடா இல்ல. பூக்காட்டியும் வந்துடேன்."

எதிர்ப்பக்கம் பேரன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"சட்டையெல்லாம் தூசியா இருக்கு," என்றாள் கடைசியில். "உதறிட்டு உள்ள போங்க. மாப்பிள்ளைகிட்ட டிக்கெட் பாக்கச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மாதுளையடியில் போய் நின்றார். சட்டையைக் கழற்றி, யாரோ மறித்து நிற்பதுபோலப் பின்வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாக உதறினார்.