பிடுங்கிய வெள்ளை நாற்றுகள்

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்து நர்சரியில், நாற்றுகளைப் பராமரிக்கும் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. பேசும்போதும் நாற்றுகளின் இலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

வெளுத்து முளைக்கும் நாற்றுகளை ஆராயத்தான் நான் போயிருந்தேன். பாத்திகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஆராய்ச்சிக்காரர் வருகிறார் என்று காலையிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

எரிச்சலை அடக்கிக்கொண்டு அவரிடம் விளக்கினேன். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்குள் ரைபோசோம் என்ற நுண்ணிய பட்டறைகள் புரதம் செய்கின்றன. அந்தப் பட்டறையே சில புரதங்களால் ஆனது. அவற்றில் ஒன்று இல்லாமலே போனால் இலை வெளுத்து, விதையில் இருக்கும் உணவு தீர்ந்ததும் நாற்று செத்துவிடலாம். குறைவாக இருந்தால் தாமதமாகப் பச்சை பிடிக்கலாம்.

“கொஞ்ச நாள் விட்டிருந்தால் எது பிழைக்கும் என்று தெரிந்திருக்கும்” என்றேன்.

“நான் எப்பவும் விட்டுத்தாங்க பாப்பேன். சிலது பச்சையாயிரும். நீங்க வாறீங்கன்னுதான் தோட்டத்து மேனேஜர் தொர புடுங்கச் சொன்னாரு.”

குரலில் கோபம் இல்லை. அடுத்த நாற்றுக்குக் குனிந்தபடியே சொன்னார்:

“அடுத்த தடவ சொல்லாம வாங்க.”