கமலாவதி மூடிவைத்த ரப்

மயிலிட்டியில் என் சித்தப்பாவின் மகள் கமலாவதியின் வீட்டில் எந்தச் சாமானும் முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்காது. கதிரைகளின் முதுகில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் அப்படியே இருக்கும். காற்றாடியின் றிமோட்டுக்கு ஒரு சொப்பிங் பை உறை. பதினேழு வயதில் யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடியவள். மானிப்பாயில் யாரோ வீட்டின் பின்னறை, பிறகு முகாம், பிறகு வாடகைவீடு என்று இருபத்தேழு வருடம் மாறி மாறி இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். கட்டியபடி கிடக்கிற சாமானைத்தானே கெதியாகத் தூக்கிக்கொண்டு போகலாம். நாலு வருடத்துக்கு முன் ஒஸ்லோவிலிருந்து நான் அனுப்பிய ரப் என்கிற தொடுதிரைக் கணினியையும் அவள் அந்தப் பழக்கத்தில்தான் அலுமாரிக்குள் மூடிவைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அது புதியது அல்ல. என் மகள் மதுரா ஐந்து வருடம் பாவித்துக் கைவிட்டது. கமலாவதி ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் எனக்கு இரண்டு கிலோ பாரைக் கருவாடு கொடுத்துவிட்டிருந்தாள். வெயிலில் தானே காயவைத்து, கடதாசியில் தனித்தனியாகச் சுற்றியது. பதிலுக்கு எதுவும் அனுப்பாமல் இருக்க முடியவில்லை. கடைக்குப் போகவும் நேரமில்லை. என்னுடைய புதிய ரப் வந்த பெட்டிக்குள் மதுராவின் பழையதை வைத்து அனுப்பினேன். பெட்டி கிடைத்ததும் அவள் கதைத்தபோது, கேட்காமலே, "புதுசு, கவனமாய்ப் பாவி" என்றேன். இரண்டு மொழிகளில் படித்தவன் நான். பொய் இரண்டிலும் தடக்காமல் வரும்.

கமலாவதி பதினாறு வருடமாகப் பாலர் பாடசாலைகளில் உதவியாளர். ஆசிரியை என்று பெயர் எழுத ஒரு சான்றிதழ் வேண்டும். ஐம்பது வயதில் அதற்குப் படித்து, எழுத்துப் பரீட்சையும் சித்தியடைந்துவிட்டாள். மிஞ்சியிருந்தது நேர்முகம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சூம் காணொளியில். பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுபோல் பத்து நிமிடம் சொல்லிக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினொன்று பத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். தவறினால் இன்னும் இரண்டு வருடம். அதற்குள் வயது எல்லை தாண்டிவிடும். வீட்டிலிருந்த ஒரே நல்ல போன் அவள் கணவர் கனகசபாபதியோடு விடியவே கடலுக்குப் போய்விடும்.

அந்தக் கிழமை நான் லீவுக்கு வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன். திங்கட்கிழமை அவளோடு படிப்பிக்கும் ஜெசிதா தன் மடிக்கணினியை, அந்த லப்ரொப்பை, கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். கமலாவதி வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன்.

"என்னத்துக்குப் பிள்ளை லப்ரொப்? நான் அனுப்பின ரப் புத்தம்புதுசாய் அலுமாரிக்குள்ளை கிடக்கு."

ஜெசிதா கமலாவதியைப் பார்த்தாள். கமலாவதி கதிரையின் பொலித்தீனை விரலால் நீவிக்கொண்டிருந்துவிட்டு, "ஓம், அது கிடக்கு" என்றாள். அன்று பின்னேரமே லப்ரொப் நெல்லியடியில் இன்னொரு ஆசிரியைக்குப் போய்விட்டது.

புதன் காலை எட்டரைக்கு ரப்பை எடுத்து வந்தாள். பழைய சேலைத் துண்டு, அதற்குள் பொலித்தீன், அதற்குள் நான் அனுப்பிய பெட்டி. அழுத்தியதும் உயிர் வந்தது. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. நாலு வருடம் மூடிக்கிடந்த சாமானில் சார்ஜ் எப்படி வந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. முகப்பில் முன்பல் விழுந்த மதுரா சிரித்தாள். கமலாவதி அப்போது குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். அனுப்பும்போது அதில் ஒன்றையும் நான் அழிக்கவில்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன், சூம் ஏறவில்லை. முதலில் ரப்பையே புதுப்பிக்க வேண்டும் என்றது. புதுப்பிக்க இடம் போதாது என்றது. மதுரா எடுத்த படங்கள் அறுநூறுக்கு மேல் இருந்தன: பூனை, பனி, தன் கால்விரல், நான் சோபாவில் வாய் பிளந்து தூங்குவது. குசினி வாசலைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். நீலக் கோடு ஊரத் தொடங்கியது.

கமலாவதி சேலை மாற்றி வந்து, ஈர்க்கில் ஒட்டிய கடதாசி மீன்களை மேசையில் வரிசையாக வைத்தாள். சூடை, நண்டு, ஒரு பெரிய சுறா. ஒன்பதரைக்குக் கோடு கால்வாசி. பத்தேகாலுக்கு முக்கால்வாசி. அவள் ரப்பையும் என் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணை, உங்கடை போனிலை இதைச் செய்யேலாதோ?"

செய்யலாம். எட்டரைக்கே செய்திருக்கலாம். நல்ல புதுப் போன், நின்றுபோகிற ரப்புக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. போனைக் கொடுத்தால் ரப் ஒன்றுக்கும் உதவாதது என்று நானே சொன்னதாகிவிடும். "போன் திரை சின்னன். முகம் வடிவாய்த் தெரியாது. இன்னும் பத்து நிமிசம்" என்றேன்.

பத்தரைக்கு ரப் தானாக நின்று திரும்ப எழும்பியது. நோர்வேஜிய மொழியில் ஒரு வரி வந்தது: ஆப்கள் தயாராகின்றன, நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. இரண்டு. மூன்று. எண்களை அவளும் வாசித்தாள்.

"புதுசிலையே நூற்றுப் பன்னிரண்டு ஆப் வருமோ, அண்ணை?"

"ஓம். கொம்பனி போட்டு விடுறது."

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். சுறாவின் வால் கழன்றிருந்தது; அதைப் பசை போட்டு ஒட்டினாள். முப்பத்தேழில் ரப் வெகுநேரம் நின்றது. நான் அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன், காய்ச்சல்காரப் பிள்ளைபோல் கொதித்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தொன்று. பதினொன்று அடித்தது. ஜெசிதாவைக் கேட்கலாம் என்றால் லப்ரொப் நெல்லியடியில். கமலாவதி என்னை அவசரப்படுத்தவில்லை. மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்திருந்தாள். பதினொன்று ஆறுக்குத்தான் என் போனைச் சீனி ரின் டப்பாவில் சாத்தி, இணைப்பை அழுத்தினேன். பதினொன்று எட்டுக்கு உள்ளே எடுத்தார்கள்.

அவள் கதை தொடங்கியதும் எனக்கு மூச்சு வந்தது. சூடை மீனுக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல். அப்போதுதான் மேசையோரத்தில் ரப் விழித்துக்கொண்டது. நாலு வருடம் சேர்ந்து கிடந்த அறிவித்தல்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. மணி அடித்தது, கோழி கூவியது, ஏதோ விளையாட்டின் பாட்டு உரத்துப் பாடியது. சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் வேலை செய்யவில்லை. தலையணையால் அமத்தினேன். பிறகு தலையணையோடு தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். யன்னலால் உள்ளே பேசுவது கேட்டது. என்ன சத்தம் அது என்று பரீட்சகர் கேட்டார்.

"அது ஒரு சின்னப் பிள்ளையின்ரை ரப், ஐயா. விளையாட்டுப் பாட்டு. இப்ப நிண்டிடும்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். கிணற்றுக் கட்டில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி நான் குந்தியிருந்தேன். நாற்பது நிமிடம் அப்படியே இருந்தேன்.

முடித்து வெளியே வந்தபோது அவளுடைய நெற்றி வேர்த்திருந்தது. பிந்தி வந்ததற்கு இரண்டு புள்ளி குறைப்பார்களாம், கதை பிடித்திருக்கிறதாம், முடிவு இரண்டு கிழமையில் வருமாம். ரப்பை என் கையிலிருந்து வாங்கித் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"கமலா, இது வந்து..." என்று தொடங்கினேன்.

"பெட்டி திறந்த அண்டைக்கே தெரியும், அண்ணை. கண்ணாடியிலை கீறல். பின்பக்கத்திலை பூனை ஸ்ரிக்கர். வாற ஆக்கள் கண்டால் உங்களைக் குறைவாய்க் கதைப்பினம் எண்டுதான் மூடிவைச்சனான்."

நான் தலையணையைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

"இடைக்கிடை சார்ஜ் போட்டு மதுராவின்ரை படங்களைப் பாப்பன். நான் அவளை நேரிலை கண்டதே இல்லை." திரையை விரலால் தள்ளினாள். தள்ளினாள். "எங்கை, ஒண்டையும் காணேல்லை?"

இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் திரையை இன்னொருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு முகப்பில் பல்லில்லாமல் சிரித்த மதுராவைக் காட்டி, "இது ஒண்டாவது மிஞ்சிச்சுது" என்றுவிட்டு மீன் அரிய உள்ளே போனாள்.

பதினாறாம் நாள் ஒஸ்லோவுக்குக் கனகசபாபதியின் போனிலிருந்து குரல் செய்தி வந்தது. சித்தியடைந்துவிட்டாளாம். இனி அவள் ஆசிரியை. கடைசியில், மதுராவின் பழைய படங்கள் வேறெங்காவது இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தாள்.

வேறெங்கும் இல்லை. மதுராவிடம் கேட்டேன், அவளிடமும் இல்லை. இப்போது பதினேழு வயதாகும் அவள், அவற்றை ஏன் அழித்தாய் என்று கேட்டாள். இரண்டு பேருக்குமே நான் இன்னும் பதில் சொல்லவில்லை.