டெய்சிக்குப் பூசிய கழிவு ஒயில்

பன்வில தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வளர்க்கும் பெட்டை நாய் டெய்சிக்கு முலைக்காம்பின் அருகே மயிர் உதிர்ந்து, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. லொறி கராஜில் வேலை செய்யும் என் அண்ணன், "சொறிதான். எஞ்சின்ல வடிச்ச கழிவு ஒயில பூசு, காஞ்சு விழுந்துரும்" என்றார். எங்கள் பக்கம் நாய்க்கு எது வந்தாலும் அதுதான் மருந்து. நானும் தினமும் பூசினேன்.

கட்டி காயவில்லை, பெருத்து உடைந்தது. கறுப்பு ஒயிலோடு சீழ் வழிய, ஈ மொய்த்தது. டெய்சி அதை நக்கிக்கொண்டே இருந்தது. ஓட்டோவில் கண்டிக்குக் கொண்டுபோனேன்.

"இது சொறி இல்லம்மா, மார்புக் கட்டி. சின்னதா இருக்கும்போதே காட்டியிருக்கணும். ஒயில நக்கி வயிறும் கெட்டுப்போச்சு" என்று மிருக வைத்தியர் முகம் சுளித்தார். கட்டியை வெட்டி எடுத்தார். டெய்சி பிழைத்துக்கொண்டது.

இப்போது குளிப்பாட்டும்போதெல்லாம் ஒவ்வொரு காம்பையும் தடவிப் பார்க்கிறேன். சிறு கட்டி தட்டுப்பட்டாலும் நேரே வைத்தியரிடம்தான்.

போன வாரம் அண்ணன் காலில் படை என்று சொறிந்துகொண்டு வந்தார். மிச்சமிருந்த ஒயில் போத்தலை முன்னால் வைத்து, "பூசிக்கிறீங்களாண்ணே?" என்றேன்.

"சீ! இந்தக் கருமத்தையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கருமத்தைத்தான் டெய்சி நக்கித் தின்றது.